முடிவைக் கொண்டு அளத்தல்: துன்பியல் நாடக வரையறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

துயரத்தில் முடியும் நாடகமே துன்பியல் என்னும் வரையறை தமிழாய்வில் பெரிதும் வினாவின்றி வழங்கிவருகிறது. ஏதென்ஸ் நகரில் இந்நாடகவகை தழைத்த காலத்தில் முடிவு அதன் இலக்கணமாக இருக்கவில்லை. பழைய நாடகங்கள் மேடையை விட்டு நீங்கிப் பாடநூல்களாகிவிட்ட பிற்காலத்தில், இலத்தீன் இலக்கண ஆசிரியர்களின் கையில் அவ்வரையறை உறுதிப்பட்டது. அது உருவான விதத்தையும், மறுமலர்ச்சிக்குப்பின் உயிருள்ள மேடையோடு அது முரண்பட்ட இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வளவுகோலைக் கொண்டு சமஸ்கிருத நாடகங்களையும் சிலப்பதிகாரத்தையும் மதிப்பிடும் போக்கு இறுதிப் பகுதியில் மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: துன்பியல், கிரேக்க நாடகம், கவிதையியல், நாடக வகைமை, அவலம், சிலப்பதிகாரம்

முன்னுரை

துன்பியல், இன்பியல் என்னும் இணைச்சொற்கள் தமிழ்த் திறனாய்வில் நிலைபெற்றுவிட்டன. கலைச்சொல் என்ற வகையில் இரண்டும் நன்கு அமைந்தவை; சுருக்கமும் செவிக்கினிமையும் உடையவை. ஆயினும் அவை பெயர்த்துத் தரும் கிரேக்கச் சொற்களில் துன்பமோ இன்பமோ இடம்பெறவில்லை. ‘டிராகோதியா’ என்பது ஆட்டையும் பாட்டையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. அந்த ஆடு போட்டியின் பரிசா, பலிப்பொருளா, ஆட்டுத்தோல் வேடமா என்பதில் பழங்காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. ‘கோமோதியா’ என்பதோ களியாட்டக் குழுவின் பாட்டைச் சுட்டுகிறது. இரு சொற்களும் நிகழ்த்துகலையின் சூழலிலிருந்து பிறந்தவை. கதை எங்கு முடிகிறது என்பது பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. தமிழ்ச் சொற்களோ ஒரு வரையறையைத் தம்முள் சுமந்துகொண்டே வந்தன. ‘துன்பியல்’ என்று சொன்னவுடன் முடிவின் தன்மை முன்னரே தீர்மானமாகிவிடுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘பண்டைத் தமிழில் துன்பியல் உண்டா?’, ‘சமஸ்கிருதத்தில் ஏன் துன்பியல் இல்லை?’ என்னும் வினாக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் ஆய்வுலகில் எழுப்பப்பட்டு வருகின்றன. விடை கூறியோர் பலரும் நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியே விடை கூறினர். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஏதென்ஸ் விழாவும் நாடகப் போட்டியும்

துன்பியலின் தொடக்கத்தைக் கி.மு. 534ஐ ஒட்டித் தெஸ்பிஸ் என்பவரோடு இணைத்துக் கூறுவது பழைய மரபு. பாடற்குழுவிலிருந்து பிரிந்து ஒருவர் பேசத் தொடங்கியதே நாடகத்தின் பிறப்பு என்பது அம்மரபின் சாரம். ஈஸ்கிலஸ் இரண்டாம் நடிகரையும் சோஃபோக்ளிஸ் மூன்றாம் நடிகரையும் சேர்த்தனர் என்று அரிஸ்டாட்டில் குறிக்கிறார். பாடற்குழு முதலில் பன்னிருவரையும் பின்னர்ப் பதினைவரையும் கொண்டிருந்தது. இவ்வளர்ச்சி எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது. நம் வினாவுக்கு வேண்டியது நிகழ்த்தும் முறை.

அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில், டயோனிசஸ் தெய்வத்தின் வசந்தகால விழாவில், மூன்று நாடக ஆசிரியர்கள் போட்டியிட்டனர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும், அவற்றைத் தொடர்ந்து சட்டிர் நாடகம் எனப்படும் எள்ளலும் குறும்பும் நிறைந்த ஒன்றையும் அளித்தனர். பாடற்குழுவின் செலவைச் செல்வந்தக் குடிமகன் ஒருவர் ஏற்றார். நகரமே நடுவர்களைத் தேர்ந்தது. ஆகவே அன்றைய பார்வையாளருக்கு ஒரு நாடகத்தின் முடிவு அன்றைய நாளின் முடிவாக இருக்கவில்லை. அழுத கண்களோடு அவர்கள் வீடு திரும்பவில்லை. குதிரை வாலும் காதுமாகத் துள்ளும் சட்டிர்களைக் கண்டு சிரித்த பின்னரே எழுந்தனர். ஒற்றை நாடகத்தைத் தனியே எடுத்து, அதன் இறுதிக் காட்சியைக் கொண்டு வகைமையைத் தீர்மானிப்பது அப்பார்வையாளருக்கு விளங்கியிராத செயல்.

துயரத்தை மேடையேற்றுவதில் நகரம் எவ்வளவு கவனமாக இருந்தது என்பதற்கு ஹெரோடோட்டஸ் ஒரு சான்று தருகிறார். கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரைக் கைப்பற்றி அழித்தனர். அந்நகரம் ஏதென்ஸுக்கு உறவுடையது. சில காலத்திற்குள் ஃபிரினிக்கஸ் அவ்வீழ்ச்சியை நாடகமாக்கி அரங்கேற்றினார். அரங்கம் முழுவதும் அழுதது. நகரம் அவருக்குப் பரிசளிக்கவில்லை. தம் சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக ஆயிரம் திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது என்றும் தடுத்தது. துயர முடிவும் பார்வையாளர் கண்ணீருமே துன்பியலின் வெற்றி என்றால், ஃபிரினிக்கஸின் நாடகத்தை மிஞ்சிய வெற்றி வேறில்லை. ஏதென்ஸ் அதைக் குற்றமாகக் கண்டது.

இந்நிகழ்ச்சியின் பின்னணியில் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகத்தைப் படிக்க வேண்டும். கி.மு. 472இல் அரங்கேறிய அது, முழுமையாகக் கிடைக்கும் கிரேக்கத் துன்பியல்களுள் மிகப் பழையது. அதன் பாடற்குழுச் செலவை ஏற்றவர் இளம் பெரிக்ளிஸ். எட்டாண்டுகளுக்கு முன் சாலமிஸ் கடற்போரில் தோற்ற பகைவரின் அரண்மனையில் காட்சி விரிகிறது. மன்னன் செர்க்ஸெஸின் ஓலத்தோடு முடிகிறது. முடிவு துயரம்தான், ஆனால் யாருடைய துயரம்? அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்களே அரங்கில் அமர்ந்து பகைவரின் புலம்பலைக் கேட்டனர். வெற்றியும் இரக்கமும் அங்கே எந்த அளவில் கலந்தன என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாடகம் பரிசு பெற்றது.

எஞ்சிய ஒரே முத்தொகுதியான ‘ஒரெஸ்தியா’ (கி.மு. 458) இன்னும் தெளிவான சான்று. அகமெம்னனை அவன் மனைவி கொல்கிறாள். மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். தாயின் குருதிப் பழியைத் தீர்க்க எரினிகள் என்னும் பழிதெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. மூன்றாம் நாடகத்தில் வழக்கு ஏதென்ஸின் அரியோபாகஸ் மன்றத்துக்கு வருகிறது. வாக்குகள் சமமாகின்றன, அதீனாவின் வாக்கால் அவன் விடுதலை பெறுகிறான். சினந்த எரினிகள் நிலத்தை மலடாக்குவோம் என்கின்றனர். அதீனா அவர்களிடம் பேசிப் பேசி இணங்கவைத்து, நகருக்கு அடியில் உறைவிடமும் வழிபாடும் அளிக்கிறாள். தீப்பந்தங்களோடு ஊர்வலம் செல்ல நாடகம் நிறைவடைகிறது. நான்காண்டுகளுக்கு முன்புதான் எஃபியல்டஸ் அதே மன்றத்தின் அதிகாரங்களைக் குறைத்தார். பின்னர் அவர் கொலையுண்டார். உள்நாட்டுப் பகையின் விளிம்பில் நின்ற நகரம் அந்த ஊர்வலத்தைப் பார்த்தது. இதைத் துன்பியல் அன்று என்று மறுத்த கிரேக்கர் எவரும் இல்லை.

எஞ்சிய நாடகங்களும் தேர்வின் விளைவும்

விதிவிலக்கு ஒன்றைக் காட்டி விதியை மறுக்கலாமா என்று கேட்கலாம். ‘ஒரெஸ்தியா’ தனித்து நிற்கவில்லை. சோஃபோக்ளிஸின் ‘ஃபிலோக்டெட்டிஸ்’ (கி.மு. 409), யூரிப்பிடிஸின் ‘ஆல்செஸ்டிஸ்’, ‘அயோன்’, ‘டௌரிஸில் இஃபிகேனியா’, ‘ஹெலன்’ ஆகியவை மீட்பிலும் மீள்கூடலிலும் முடிபவை. இவற்றுள் ‘ஆல்செஸ்டிஸ்’ சட்டிர் நாடகத்தின் இடத்தில் நிகழ்த்தப்பட்டதால் அதைத் தனியே வைக்கலாம். மற்றவை துன்பியல் போட்டிக்குரிய இடத்தில் வைத்து எண்ணப்படுபவை.

இங்குச் சுவடி வரலாறு ஒரு முக்கியமான செய்தியைத் தருகிறது. ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ் ஆகியோரின் பெயரில் ஏழேழு நாடகங்களே எஞ்சின. இவை பிற்காலத்தில் பள்ளிப் படிப்புக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதிகள். யூரிப்பிடிஸுக்கும் அத்தகைய பத்து நாடகத் தொகுதி உண்டு. அதற்கு அப்பால், அவருடைய முழுத் தொகுப்பிலிருந்து அகரவரிசையில் அடுத்தடுத்து நின்ற ஒன்பது நாடகங்கள் தற்செயலாகத் தப்பிவந்தன. பதினான்காம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்டு இன்று ஃபிளாரன்ஸில் உள்ள சுவடி அவற்றை நமக்குக் காத்துத் தந்தது. ‘ஹெலன்’, ‘அயோன்’, ‘டௌரிஸில் இஃபிகேனியா’ மூன்றும் அந்த ஒன்பதில் அடங்கியவை. ஆசிரியர் எவரும் தேர்ந்தெடுக்காமல், எழுத்துவரிசை தேர்ந்தெடுத்த பகுதியில்தான் மகிழ்முடிவு நாடகங்கள் இவ்வாறு அடர்ந்து காணப்படுகின்றன. அந்தச் சுவடி அழிந்திருந்தால் யூரிப்பிடிஸைப் பற்றிய நம் மதிப்பீடு வேறாகியிருக்கும். சங்க இலக்கியத் தொகை நூல்களில் தொகுத்தோரின் நோக்கு எவ்வளவு கலந்துள்ளது என்பதை உணர்ந்த தமிழ் ஆய்வாளர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. துன்பியல் என்றால் பேரழிவு என்னும் எண்ணத்தில் ஒரு பகுதி, கிரேக்கரின் படைப்பை விடப் பள்ளி ஆசிரியர்களின் தேர்வைக் காட்டுவதாக இருக்கக்கூடும்.

அரிஸ்டாட்டிலின் இரு தீர்ப்புகள்

ஈஸ்கிலஸின் தலைமுறைக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பின்னர் எழுதப்பட்டது ‘கவிதையியல்’. கி.மு. 386 முதல் விழாவில் பழைய நாடகங்களை மீண்டும் நடிக்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. மூவரின் நாடகங்களும் நகரத்தின் செல்வமாகிவிட்டன. அரிஸ்டாட்டில் அவற்றைப் பார்வையாளராகவும் படிப்பாளியாகவும் அணுகியவர்.

ஆறாம் இயலில் அவர் தரும் புகழ்பெற்ற வரையறையில் முடிவு பற்றிய குறிப்பே இல்லை. ஆழ்ந்த, முழுமையான, போதிய அளவுடைய செயலொன்றின் போலச்செய்தல் என்றும், இரக்கமும் அச்சமும் வழியாகக் கதார்சிஸை நிறைவேற்றுவது என்றும் அவர் கூறுகிறார். ஏழாம் இயலில் நாடகத்தின் அளவைப் பேசுகையில், தீயூழிலிருந்து நல்லூழுக்கோ நல்லூழிலிருந்து தீயூழுக்கோ மாறுவதற்குரிய நீளம் வேண்டும் என்கிறார். இரு திசைகளும் அவருக்கு உடன்பாடே. பதின்மூன்றாம் இயலில்தான் நல்லூழிலிருந்து தீயூழுக்கு வீழ்வதே சிறந்தது என்கிறார். துயரத்தில் முடிக்கும் யூரிப்பிடிஸைக் குறைகூறுவோர் தவறுகின்றனர் என்றும் வாதிடுகிறார். இவ்வாதத்தைக் கவனிக்க வேண்டும். துயர முடிவைக் குறையாகக் கண்டோர் அவர் காலத்தில் இருந்தனர் என்பதும், அதற்கு ஆதரவாக வாதிட வேண்டியிருந்தது என்பதும் இதனால் பெறப்படுகின்றன. வரையறையாகவே ஏற்கப்பட்ட ஒன்றுக்கு வாதம் தேவைப்படாது.

அடுத்த இயலிலேயே நிலை மாறுகிறது. உறவினரைக் கொல்ல ஓங்கிய கை, உரிய நேரத்தில் அறிந்துகொண்டு நின்றுவிடுவதே மிகச் சிறந்த அமைப்பு என்று பதினான்காம் இயலில் அவர் தீர்ப்பளிக்கிறார். அக்கா தம்பியைப் பலியிட இருந்து அடையாளம் கண்டுகொள்ளும் ‘இஃபிகேனியா’ அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. இரு தீர்ப்புகளையும் இணக்கப்படுத்த உரையாசிரியர்கள் ஐந்நூறு ஆண்டுகளாக முயன்று வருகின்றனர். முன்னது முழுக் கதையமைப்பைப் பற்றியது, பின்னது தனி நிகழ்ச்சியைப் பற்றியது என்பது பலரும் கூறும் அமைதி. முரண்பாட்டை நீக்குவதைவிட அதன் பொருளை உணர்வதே பயனுடையது என்பது என் கருத்து. இரக்கமும் அச்சமும் எழுவது ஓங்கிய கையைப் பார்க்கும்போது. கை இறங்கியதா நின்றதா என்பது அடுத்த வினா. பேரிடரின் அண்மையே அரிஸ்டாட்டிலுக்கு இன்றியமையாதது.

அரங்கில்லாக் காலத்து வரையறை

உரோமில் கி.மு. 240இல் லிவியஸ் ஆந்திரோனிக்கஸ் கிரேக்க நாடகங்களை இலத்தீனில் அரங்கேற்றியது முதல் எழுந்த துன்பியல்களில் பெரும்பாலானவை துண்டுகளாகவே எஞ்சின. முழுமையாகக் கிடைப்பவை செனேகாவின் பெயரில் உள்ளவை. அவை நடிக்கப்பட்டனவா, ஓதப்பட்டனவா என்பது இன்றும் தீராத வழக்கு.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் புதிய துன்பியல்கள் அரங்கேறுவது நின்றுபோயிருந்தது. மேடையை ஆண்டவர்கள் ஊமைக்கூத்தரும் ஆடற்கலைஞரும். நாடகம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நூலாகியிருந்தது; இலக்கண ஆசிரியர்கள் தெரென்ஸின் இன்பியல்களுக்கு உரை எழுதினர். மாணவனுக்கு விளங்குமாறு இன்பியலைத் துன்பியலோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. டொனாட்டஸின் உரையோடு சேர்ந்துவரும் எவாந்தியஸின் முன்னுரையிலும் டயோமிடிஸின் இலக்கண நூலிலும் அவ்வேறுபாடுகள் அடுக்கப்படுகின்றன. ஒன்றில் எளிய மாந்தர், மற்றதில் மன்னர்; ஒன்று கலக்கத்தில் தொடங்கி அமைதியில் முடியும், மற்றது அமைதியில் தொடங்கிப் பேரழிவில் முடியும். நாம் இன்று வழங்கும் வரையறை இந்த ஒப்பீட்டுப் பட்டியலின் ஒரு வரி. இன்பியலை விளக்குவதற்காக, அதன் நேர்மாறாகத் துன்பியல் வரையறுக்கப்பட்டது. எதிர்நிலைகளாக அடுக்கினால் மாணவன் எளிதில் மனப்பாடம் செய்வான்; ஆசிரியத் தொழிலின் இத்தேவை ஒரு நாடக வகைமையின் ஆயிரமாண்டு விதியைத் தீர்மானித்தது.

அதன்பின் துன்பியல் என்னும் சொல் நாடகத்திலிருந்தே கழன்றுபோனது. ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய போயிதியஸின் நூலில், இன்பநிலையில் இருந்த அரசுகளை ஊழ் கவிழ்ப்பதையே துன்பியல்கள் புலம்புகின்றன என்று ஊழ்த்தெய்வம் கேட்கும் இடம் ஒன்றுண்டு. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர இசிதோர், கொடிய மன்னர்களின் பழஞ்செயல்களைத் துயரப்பாவில் பாடியோரைத் துன்பியலார் என்றார். தாந்தே வர்ஜிலின் காப்பியத்தை நரகப் பகுதியில் துன்பியல் என்றே சுட்டுகிறார். இன்பத்தில் முடியும் தம் காப்பியத்துக்கு ‘கொமேதியா’ என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் சாசரின் துறவி, உயர்ந்தோர் வீழ்ந்த கதைகளை லூசிபர், ஆதாம் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்; அவை அனைத்தும் துன்பியல்கள் என்கிறார். போர்வீரர் குறுக்கிட்டு, போதும் ஐயா என்று நிறுத்துகிறார். அந்தக் குறுக்கீட்டில் நல்ல திறனாய்வு இருக்கிறது. முடிவை மட்டும் கொண்ட துன்பியல், சில கதைகளுக்குள் சலிப்பூட்டத் தொடங்கிவிடுகிறது.

இதே காலத்தில் கிழக்கே நடந்தது மேலும் வியப்பானது. பத்தாம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா ‘கவிதையியலை’ச் சிரியாக் மொழிவழி அரபியில் பெயர்த்தார். அரபு இலக்கிய மரபில் அத்தகைய நாடக அரங்கு இல்லை. ஆகவே துன்பியல் ‘புகழ்ப்பா’ என்றும் இன்பியல் ‘வசைப்பா’ என்றும் ஆயின. இப்னு ருஷ்த் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதற்கு உரை கண்டார்; 1256இல் அவ்வுரை இலத்தீனுக்குச் சென்றது. மூலத்திலிருந்தே நேரே செய்யப்பட்ட 1278ஆம் ஆண்டு இலத்தீன் மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தும் அதைப் படித்தோர் சிலரே. இதைப் பிழை என்று நகைப்பது எளிது. மேடையைக் கண்டிராதவர் மேடைக்குரிய சொல்லைத் தம் மரபின் ஏதேனும் ஒரு பாவகையோடு பொருத்தியே புரிந்துகொள்ள முடியும். ஐரோப்பியரும் அதையே செய்தனர். அவர்கள் பொருத்தியது வீழ்ச்சிக் கதையோடு.

மேடை திரும்பியபின்

1498இல் ‘கவிதையியலின்’ புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பும், 1508இல் கிரேக்க மூலமும் வெனிஸில் அச்சாயின. 1548இல் ரொபர்தெல்லோவின் விரிவுரை வந்தது. 1585இல் விச்சென்சா நகரின் புதிய அரங்கம் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தோடு திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஃபெராராவில் ஜிரால்டி சிந்தியோ 1541இல் செனேகாவின் பாணியில் குருதி தோய்ந்த ‘ஓர்பெக்கே’யை அரங்கேற்றிப் புகழ்பெற்றார்; பின்னர் பார்வையாளரின் விருப்பம் கருதி மகிழ்முடிவுத் துன்பியல்களையும் எழுதி, அவற்றுக்கு அரிஸ்டாட்டிலிடமிருந்தே ஆதாரமும் காட்டினார். மேடை திரும்பியவுடன் இலக்கண ஆசிரியர்களின் வரையறை ஆட்டங்கண்டது.

இலண்டனிலும் அப்படியே. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 1623இல் அவருடைய சக நடிகர்கள் தொகுத்தபோது, பிரிந்தோர் யாவரும் கூடி மகிழும் ‘சிம்பலின்’ நாடகத்தைத் துன்பியல்களின் வரிசையில் கடைசியாக வைத்தனர். முன்பு துன்பியல் என்று தலைப்பிட்டு விற்கப்பட்ட ‘மூன்றாம் ரிச்சர்ட்’ வரலாற்று நாடகங்களுக்குள் சென்றது. தொழில்முறை நடிகர்களுக்கு வகைமை எல்லைகள் அவ்வளவு இறுக்கமானவையாக இருக்கவில்லை. பாரிஸில் 1670இல் ரசீன் எழுதிய ‘பெரெனிஸ்’ நாடகத்தில் எவரும் இறப்பதில்லை. பேரரசன் தன் காதலியை அனுப்பிவிடுகிறான், அவ்வளவுதான். துன்பியலுக்குக் குருதியும் பிணமும் தேவையில்லை என்று முன்னுரையில் அவர் வாதிட்டார்.

ஆயினும் முடிவு பற்றிய சர்ச்சை கூர்மையடைந்த இடம் ‘லியர் மன்னன்’. 1681இல் நாஹும் டேட் அதைத் திருத்தி எழுதினார். லியர் பிழைக்கிறார்; கார்டீலியா எட்கரை மணக்கிறாள். நல்லோர் வாழவும் தீயோர் கெடவும் வேண்டும் என்னும் ‘கவிதை நீதி’ அக்காலத்தில் ஓங்கியிருந்தது. 1711இல் அடிசன் இத்திருத்தத்தால் நாடகம் பாதி அழகை இழந்தது என்று எழுதினார். ஜான்சன் 1765இல் வெளியிட்ட பதிப்பில், கார்டீலியாவின் இறப்பைப் படித்து உண்டான அதிர்ச்சியால், பதிப்பாசிரியராகும்வரை அக்கடைசிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் துணியவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1838இல் மெக்ரெடி மூலத்தை மீட்டு நடிக்கும்வரை டேட்டின் முடிவே ஆங்கில மேடையில் பெரிதும் ஆட்சி செலுத்தியது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கிலேயர் மேடையில் பார்த்த ‘லியர்’ மணவிழாவை நோக்கி முடிந்தது என்பதை, ஆங்கிலேயரிடமிருந்து துயர முடிவை இலக்கணமாகக் கற்றுக்கொண்ட நாம் நினைவிற்கொள்வது நல்லது.

லெஸ்ஸிங், இப்சன் வழியாகத் துன்பியல் அரண்மனையை விட்டு நடுத்தர வீட்டுக்குள் நுழைந்த வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. ஹெகலை மட்டும் இங்குச் சுட்ட வேண்டும். தவறும் சரியும் மோதுவதைவிட, தத்தம் அளவில் நியாயமுடைய இரு தரப்புகள் மோதுவதே துன்பியல் என்றார் அவர். இணக்கத்தில் முடியும் ‘ஒரெஸ்தியா’வும் அவர் கொள்கைக்குள் இடர்ப்பாடின்றி அடங்கியது. ஆனால் இந்தியப் பல்கலைக்கழக வகுப்புகளுக்குள் ஹெகலைக் காட்டிலும் ஆழமாக நுழைந்தது 1904இல் வெளிவந்த ஏ.சி. பிராட்லியின் ஷேக்ஸ்பியர் துன்பியல் பற்றிய நூல். தலைவன் உயிரோடிருக்க முடியும் நாடகம் ஷேக்ஸ்பியரின் முழுப் பொருளில் துன்பியலாகாது என்று அவர் வரையறுத்தார். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் கூறிய அவ்வரம்பு, வகுப்பறைக் குறிப்பேடுகளில் துன்பியல் முழுமைக்கும் உரியதாக விரிந்துவிட்டது.

இந்தியச் சூழலில் அளவுகோலின் பயன்பாடு

ஏ.பி. கீத் 1924இல் வெளியிட்ட சமஸ்கிருத நாடக வரலாறு, அம்மொழியில் உண்மையான துன்பியல் இல்லை என்னும் கருத்துக்கு அதிகாரம் சேர்த்தது. தலைவனின் இறப்பைக் காட்டலாகாது என்னும் தசரூபக விதி அதற்குக் காரணமாகக் கூறப்படுவதுண்டு. கிரேக்க மேடையிலும் கொலைகள் பெரும்பாலும் திரைக்குப் பின்னரே நிகழ்ந்து தூதுவர் வாயிலாகவே அறிவிக்கப்பட்டன என்பது அந்த ஒப்பீட்டில் விடுபட்டுவிடுகிறது. 1912 முதல் திருவனந்தபுரத்தில் பாசனின் நாடகங்கள் அச்சேறியபோது, துரியோதனன் மேடையிலேயே உயிர்நீக்கும் ‘ஊருபங்கம்’ இழப்பை ஈடுசெய்யக் கிடைத்த ஒற்றைச் சான்றாகக் கொண்டாடப்பட்டது. பவபூதியின் ‘உத்தரராமசரிதம்’ இராமனும் சீதையும் இணைவதில் முடிவதால் கணக்கில் சேரவில்லை. கைவிடப்பட்ட மனைவி, அடையாளம் தெரியாமல் எதிர்நிற்கும் மக்கள், இறுதியில் அறிந்துகொள்ளல் என்னும் அதன் அமைப்பு, அரிஸ்டாட்டில் பதின்நான்காம் இயலில் உயர்த்திப் பேசும் அமைப்புக்கு ‘ஊருபங்க’த்தைவிட நெருக்கமானது. முடிவை வைத்து அளந்தோர் நெருங்கிய உறவை விட்டுத் தூரத்து உறவைக் கைப்பற்றினர்.

தமிழில் இவ்வொப்பீட்டுக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. விபுலானந்த அடிகள் 1926இல் வெளியான ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை நம் நாடக மரபின் கலைச்சொற்களால் அணுகினார். தமிழில் அவர்களுடைய வகைமை உண்டா என்று கேட்பதற்கு மாறாக, நம் மெய்ப்பாடும் சுவையும் அவர்களுடைய நாடகத்தில் எவ்வாறு நிகழ்கின்றன என்று கேட்ட முயற்சி அது. தொல்காப்பியம் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவற்றுள் இழவு ஒன்றே இறப்போடு நேரே தொடர்புடையது. முடிவின் இடத்தில் நிகழ்வின் தன்மையை வைக்கும் கோட்பாடு நம் கையிலேயே இருந்தது. அடிகள் காட்டிய வழியில் நடந்தோர் குறைவு.

சிலப்பதிகாரத்தைத் துன்பியல் என்போர் பெரும்பாலும் மதுரை எரிவதோடு நின்றுவிடுகின்றனர். அதற்கு மேல் படித்தால் காப்பியம் கோயிலை நோக்கி நகர்கிறது. இமயக் கல், செங்குட்டுவன், கடவுள் மங்கலம், வரம். துயரத்தில் முடியவில்லையே என்னும் இடர்ப்பாட்டால் வஞ்சிக் காண்டம் கலைக்குறையாகவோ பிற்சேர்க்கையாகவோ தோன்றத் தொடங்குகிறது. அக்காண்டத்தின் காலத்தைத் தனிச் சான்றுகளால் ஆராய்வது தேவையே. துன்பியல் இலக்கணத்தை அதற்குச் சான்றாகக் கொள்வதற்கு இடமில்லை. ஏதென்ஸின் மிகச் சிறந்த முத்தொகுதியும் இப்படித்தான் முடிகிறது. நாடகமும் தொடர்நிலைச் செய்யுளும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொண்ட பின்னும், இரண்டிலும் சினந்த பெண்தெய்வம் நிலத்தின் வளத்தைக் கையில் வைத்திருக்கிறது. இரண்டிலும் வழக்காடும் மன்றம் உண்டு. இரண்டிலும் இறுதியில் வழிபாடு நிறுவப்படுகிறது. வேறுபாடு வரிசையில் உள்ளது. ஈஸ்கிலஸில் பழிவாங்கல் முடிந்து மன்றம் பிறக்கிறது. சிலம்பில் மன்றம் தவறிய பின்னரே சீற்றம் பிறக்கிறது. அரசனின் உயிரும் நகரும் அதற்கு விலையாகின்றன. எரினிகளை அதீனா சொல்லால் இணங்கவைத்தாள். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்ட பின்னரே மழை பெய்தது என்று காப்பியத்தின் முகப்பில் நிற்கும் உரைபெறு கட்டுரை கூறுகிறது. கோவலனைப் பழிகூறிய பொற்கொல்லன் ஒருவனே.